எந்த அணி உங்கள் அணி?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கட்டுகஸ்தோட்டையில் ஏறி அக்குறணைப் பக்கம் போகும் பஸ்ஸில், பின் இருக்கையிலிருந்து இது என் காதில் வந்து விழுந்தது. ஒரு பெண்குரல் தனக்குத்தானே ஆங்கிலம் பழகிக்கொண்டிருந்தது. நீங்கள் எந்த அணியை ஆதரிக்கிறீர்கள் என்று அவளே கேட்டாள். இலங்கை அணியை என்று அவளே பதிலும் சொன்னாள். பிறகு அதே பதிலைச் சிரித்தபடி சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை என்பது போலவும் சொன்னாள். பஸ் அம்பதென்ன ஊரைத் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை.

பிறந்து வளர்ந்த நாட்டின் பெயரை ஒருத்தி ஏன் இத்தனை விதமாகச் சொல்லிப் பழக வேண்டும்? நான் இறங்கவேண்டிய இடம் வந்தது, இறங்கிவிட்டேன். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையிலும் உட்கார்ந்துகொண்டது.

(வாசிப்பவர் வசதிக்காக ஓர் ஏற்பாடு. இந்தக் கதையில் ஆங்கிலத்தில் பேசப்படுவதை எல்லாம் எழுத்துத் தமிழில் தருகிறேன். தமிழில் பேசப்படுவது வாயில் வந்தபடியே வரும். ஆகவே யாராவது விறைப்பாகப் புத்தகம் போலப் பேசினால் அவர் ஆங்கிலம் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் பேசும்போது நம் ஆட்களின் முகமும் அப்படித்தான் ஆகிவிடுகிறது.)

2

தொடக்கங்கள் பல எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றையும் விட்டுவைக்கிறேன், காரணம் பின்னால் வரும்.

முதலாவது: 'பல்லேகல மைதானத்தின் விளக்குகள் எரியத் தொடங்கியபோது மலைகளெல்லாம்' என்று தொடங்கி, மலைகளெல்லாம் என்ன செய்தன என்று தெரியாமல் நின்றுவிட்டது. தவிர, இப்படித் தொடங்கினால் நீங்கள் ஓர் ஆட்டத்தை எதிர்பார்ப்பீர்கள். இந்தக் கதையில் யாரும் பந்தைக் கையால் தொடப்போவதில்லை.

இரண்டாவது: 'கண்டியில் அன்று மழை.' கண்டியைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் மழை இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

மூன்றாவது: 'இன்ஷிரா ஒரு பொய் சொன்னாள்.'

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சின்ன வாக்கியம், நேராக வந்து இடிக்கிறது. இதை வைத்துக்கொண்டு பல பக்கங்கள் ஓடினேன். பிறகு அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்பதுதான் ஏறக்குறைய இந்தக் கதை.

நிலைத்தது நான்காவது. அது இப்படித் தொடங்குகிறது.

3

மரியகொறற்றி அன்று பலகையில் எழுதிய கேள்வியில் எந்தப் பிழையும் இருக்கவில்லை.

கண்டி நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய பேச்சு ஆங்கில வகுப்பு நடக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து, கெலிஓயாவில் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டு வைத்துவிட்டு, பஸ் பிடித்து வருவாள். மாணவர்கள் எல்லோரும் வேலை தேடுகிறவர்கள், அல்லது கிடைத்த வேலையில் வாய் திறக்கப் பயப்படுகிறவர்கள். இலக்கணம் படிக்க அவர்களுக்குப் பொழுதில்லை. நாலு பேரிடம் நாலு வார்த்தை தடுமாறாமல் பேசிவிட்டால் போதும். கொறற்றி அதில் கெட்டிக்காரி. பிழை விட்டால் திருத்தமாட்டாள், பேச்சு நின்றால்தான் கோபம் வரும்.

அன்றைய பாடம் விளையாட்டு. நடுவர், பார்வையாளர், வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டம், கடைசிப் பந்து வரை போன ஆட்டம் என்று சொற்களை முதலில் வாயில் பழக்கினாள். பிறகு இருவர் இருவராக உட்காரவைத்துப் பேசவிட்டாள். என்ன விளையாடுவீர்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் கிரிக்கெட் என்றார்கள். வாழ்நாளில் மட்டையை விறகாகக்கூடப் பிடித்திராதவர்களும் கிரிக்கெட் என்றார்கள். அதுவரை வகுப்பு நன்றாகத்தான் போனது.

அடுத்ததாகத்தான் அந்தக் கேள்வி. நீங்கள் எந்த அணியை ஆதரிக்கிறீர்கள்?

இலங்கை அணியை என்று வகுப்பு முழுவதும் சொன்னது. தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கும் வேகத்தில் சொன்னது. ஏன் என்று அடுத்த கேள்வி. ஏனென்றால் அது என் நாடு. அவ்வளவுதான். எல்லாச் சோடிகளும் பேசி முடித்துவிட்டுக் கொறற்றியைப் பார்த்தன.

சொல் போதவில்லை என்று நினைத்தாள். துடுப்பாட்ட வரிசை, சுழற்பந்து, எதிர்பாராத சரிவு என்று இன்னும் சில சொற்களைப் பலகையில் ஏற்றினாள். மறுபடி பேசவிட்டாள். மறுபடியும் பேச்சு அதே இடத்தில் விழுந்து படுத்துக்கொண்டது.

அப்போதுதான் ரிஸ்மி என்கிற பொடியன் கை தூக்கினான். கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவன்.

"நான் நியூசிலாந்தை ஆதரிக்கிறேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஏன் என்றாள் கொறற்றி.

"ஏனென்றால் எங்கள் வீட்டுப் பால்மா அங்கிருந்துதான் வருகிறது."

பிறகு பேச்சு எங்கெங்கோ ஓடியது. பால்மா விலை, மாடுகள், அங்கே ஆடுகள் மனிதர்களைவிட அதிகமாமே என்பது வரை பிழையும் சரியுமாக ஆங்கிலம் பொங்கி வழிந்தது. கொறற்றிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படித்தான் பேச வேண்டும், உண்மையைப் பேசினால்தான் பேச்சு வளரும், இங்கே யாரும் யாரையும் தவறாக நினைக்கமாட்டோம் என்றாள். சொல்லும்போது முதல் வரிசையில் இருந்த இன்ஷிராவைப் பார்த்து, தைரியம் கொடுக்கும் விதமாக ஒரு புன்னகையும் செய்தாள்.

(அந்தப் புன்னகையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை எழுதும்போது அதை ஒரு நல்ல ஆசிரியையின் அடையாளமாகத்தான் எழுதினேன்.)

4

ரிஸ்மியைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது.

முதல் பிரதியில் அவனுக்கு வேறொரு அணி பிடித்திருந்தது. எந்த அணி என்று எழுதினேன் என்பது உங்களுக்கே தெரியும். வேகப்பந்து வீச்சு என்றால் அவனுக்கு உயிர், அந்த அணியிலோ வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. பிறேசிலின் காற்பந்தைப் பார்த்துக் கத்துகிற தெருவெல்லாம் நம்மூரில் இருக்கிறது. யாரும் அவர்களைப் பிறேசிலுக்குப் போகச் சொல்வதில்லை.

ஆனால் ரிஸ்மி என்ற முஸ்லிம் பெயருக்குப் பக்கத்தில் அந்த அணியின் பெயரை எழுதியதும் என் கை கூசியது. எழுதினால் ஒரு கூட்டம், பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே என்று வரும். எழுதாவிட்டால் இன்னொரு கூட்டம், பயந்து பூசி மெழுகிவிட்டாய் என்று வரும். அங்கே போனால் பூதம், இங்கே வந்தால் பிசாசு. ஆகவே அவனை நியூசிலாந்துக்கு அனுப்பினேன். உலகத்தில் யாருக்கும் நியூசிலாந்தின் மேல் வழக்கு இல்லை.

பிறகு யோசித்தேன். அவனை நியூசிலாந்துக்கு அனுப்பியது நானா, அவனேதானா? மூளையுள்ள பொடியன். எனக்கு வந்த அதே யோசனை அவனுக்கும் வந்திருக்கும். கொறற்றி உண்மை என்று பாராட்டியது அந்த யோசனையைத்தான். அந்த வகுப்பில் மிகத் திறமையாக மழுப்பியவனுக்குத்தான் அன்று பாராட்டுக் கிடைத்தது.

5

வகுப்பு முடிந்து எல்லோரும் படி இறங்கிய பிறகு இன்ஷிரா மட்டும் நின்றாள்.

அக்குறணைப் பிள்ளை. இருபத்து மூன்று வயது. வாப்பாவின் துணிக்கடைக்குள் வெள்ளம் இரண்டு தடவை புகுந்த பிறகு, கடை இப்போது பாதிக் கதவோடுதான் திறக்கிறது. மூத்தவள் இவள்தான். ஹோட்டல் நிர்வாகத்தில் ஒரு பயிற்சி முடித்திருந்தாள். பல்லேகல பக்கம் உள்ள பெரிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆட்டம் நடக்கும் நாட்களில் அணிகள் வந்து தங்கும் ஹோட்டல் அது. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். இனி முகாமையாளரோடு ஒரு பேச்சு, அது மட்டும்தான் மீதி. அந்த மனிதர் யாரிடம் பேசினாலும் கிரிக்கெட்டில்தான் தொடங்குவார் என்று போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அப்படியென்றால் நல்லதுதானே என்றாள் கொறற்றி. இன்ஷிரா தோள்பையின் பட்டியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"போன வருசம் ஒரு டிராவல்ஸ்ல இன்டர்வியூக்குப் போன மிஸ். அங்கயும் இதத்தான் கேட்ட. நான் ஸ்ரீலங்கா எண்டு சொன்ன. அந்த மெனேஜர் சேர் சிரிச்சிட்டு, உண்மையாவா எண்டு கேட்ட. அதுக்குப் பொறகு எனக்கு இங்கிலீஸ் ஒண்டும் வரல்ல."

"ஆமா, உண்மைதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்ன மிஸ். அவர் இன்னம் கொஞ்சம் சிரிச்ச."

கொறற்றியிடம் இருந்த எந்தப் பயிற்சித்தாளிலும் அந்த இடத்துக்குப் பதில் இல்லை. கேள்வி இருக்கும், பதில் இருக்கும், காரணம் இருக்கும், திருப்பிக் கேட்பதற்கு ஒரு வாக்கியமும் இருக்கும். பதிலைக் கேட்டவர் சிரித்தால் என்ன செய்வது என்று எந்தத் தாளும் சொல்வதில்லை. அடுத்த ஞாயிறு சற்று முன்னதாக வாருங்கள், நாம் இருவரும் பழகிப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

6

கெலிஓயாவில் அவளுடைய அப்பா மத்தியாஸ் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஏதோ ஒரு தொடர் நடந்துகொண்டிருந்தது. இந்தியா துடுப்பெடுத்தாடியது. தொலைக்காட்சியில் ஒலி இல்லை.

அது அந்த வீட்டு வழக்கம். இலங்கை ஆடும்போது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி ஒலி கூடும், இந்தியா ஆடும்போது குறைந்துவிடும். சின்ன வயதில் இருந்து பார்த்து வந்ததால், கண்ணுக்கு முன்னால் கிடக்கும் மிதியடி போல அது கொறற்றியின் கண்ணில் படாமலே இருந்தது. அன்றுதான் பட்டது.

"அப்பா, நீங்க எந்த டீமு?"

மத்தியாஸ் திரும்பவில்லை. "யாரு கேக்குறா?"

"நான்தான் கேக்குறேன்."

"நீ சரி. ஒன்னய யாரு கேக்கச் சொன்னா?"

யாரும் கேட்கச் சொல்லவில்லை என்றாள். ஆடுற ஆட்டத்தப் பாக்குறேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். திரையில் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடியது. அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் பெருவிரல் மட்டும் கொஞ்சம் ஆடியது.

*

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. மத்தியாஸின் அப்பாவிடம் ஒரு காலத்தில் இதே கேள்வியை அரசாங்கங்களே கேட்டன. விளையாட்டைப் பற்றியல்ல. இலங்கையா இந்தியாவா, எந்த நாடு என்று கேட்டார்கள். ஒரே லயத்து வரிசை வீடுகளில் சுவருக்குச் சுவர் இருந்த குடும்பங்கள் வேறு வேறு பதில் எழுதிக்கொடுத்து, ஒரு பாதி இந்தியாவுக்குக் கப்பலேறியது. கேள்விக்குப் பதில் சொல்லும் முன் கேட்கிறவன் யார் என்று பார்க்கும் பழக்கம் மத்தியாஸுக்கு அங்கிருந்து வந்திருக்கலாம். 'வந்திருக்கலாம்' என்றுதான் எழுத முடிகிறது. நானும் அவரிடம் கேட்டால், யாரு கேக்குறா என்றுதான் சொல்வார்.)

*

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கொறற்றிக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. வகுப்பு ஏன் ஒரே குரலில் பதில் சொன்னது, இன்ஷிரா ஏன் அந்தச் சிரிப்பைக் கண்டு உடைந்துபோனாள் என்று தன் வீட்டை வைத்தே கணக்குப் போட்டுவிட்டாள். பாவம், இந்தப் பிள்ளையும் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு வாழ்கிறது என்று நினைத்தாள். மனது இளகிவிட்டது. எப்படியாவது அதன் பயத்தைப் போக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

நானும் அவளோடு சேர்ந்து இளகினேன். 'இன்ஷிரா ஒரு பொய் சொன்னாள்' என்ற தொடக்கத்தை எழுதியது அந்த இளக்கத்தில்தான். பாவப்பட்டவளின் பொய், மன்னிக்கத்தக்க பொய், நாம் எல்லோரும் கண்கலங்கி ஏற்றுக்கொள்ளும் பொய். எவ்வளவு நல்ல கதையாக வந்திருக்கும்!

7

ஞாயிற்றுக்கிழமை வெறும் வகுப்பறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கொறற்றி முகாமையாளர். இன்ஷிரா இன்ஷிராதான்.

"நீங்கள் எந்த அணியை ஆதரிக்கிறீர்கள்?"

"நான் இலங்கை அணியை ஆதரிக்கிறேன்."

இப்போது கொறற்றி அந்தச் சிரிப்பைச் சிரித்து, உண்மையாகவா என்று கேட்க வேண்டும். பழகுவதற்காகத்தானே. ஆனால் வாய் வரவில்லை. நடிப்பை நிறுத்திவிட்டுத் தமிழுக்கு வந்தாள். அப்பாவின் கதையைச் சொன்னாள். ஒலி குறைப்பதை, யாரு கேக்குறா என்றதை, கால் விரல் ஆடியதை எல்லாம் சொன்னாள்.

"எங்க வீட்லயும் அப்படித்தாம்மா. எங்கிட்ட நீங்க எதயும் மறைக்க வேணாம். ஒங்களுக்கு எந்த டீம் புடிக்கும்னு எங்கிட்டயாவது சொல்லிருங்க. மனசுல பாரம் கொறஞ்சா இங்கிலீஷ் தானா வரும்."

இன்ஷிரா பையின் பட்டியைத் திருகத் தொடங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்கட வீட்ட சவுண்டக் கூட்டித்தான் வெக்கிற மிஸ்."

கொறற்றிக்கு உடனே விளங்கவில்லை.

"ஸ்ரீலங்கா மேட்ச் எண்டா முழு வீட்டுக்கும் கேக்கும். போன தடவ பைனல்ல தோத்த அண்டக்கி நான் சாப்பிடவே இல்ல. தம்பி ரிமோட்ட செவத்துல அடிச்சி ஒடச்சிட்டான். உம்மா ஏசி ஏசி டேப் சுத்தி வெச்ச." அவள் பையின் பட்டியை விட்டுவிட்டாள். "நான் பொய் சொல்லல்ல மிஸ். அந்த சேரிட்டயும் சொல்லல்ல. வகுப்புலயும் சொல்லல்ல. நான் ஸ்ரீலங்கா எண்டு சொன்னதுக்குப் பொறகு, உண்மையப் பேசுங்க எண்டு மிஸ்ஸும் என்னப் பாத்து அப்படித்தான் சிரிச்ச."

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. கொறற்றிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் நின்றது.

பாய்ந்து சமாளிக்கத்தான் அவளுக்குத் தோன்றியது. நான் அப்படி நினைத்துச் சிரிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அப்படி நினைத்துத்தான் சிரித்திருந்தாள். அன்பாகச் சிரித்தாள், அதில் மாற்றமில்லை. டிராவல்ஸ்காரரும் ஒருவேளை தன்னை அன்பான மனிதர் என்றுதான் எண்ணியிருப்பார். உண்மையைச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டோம் என்று கொறற்றி கதவைத் திறந்துவிட்டபோது, அந்தப் பிள்ளை ஏற்கெனவே வெளியில், வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தான் ஊரே சந்தேகிக்கும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், இந்தச் சிரிப்பைத் தன்னால் சிரிக்கவே முடியாது என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். அவள் கண் கலங்கியது. மன்னிச்சிக்கங்கம்மா என்றாள். இன்ஷிரா தலையை மட்டும் ஆட்டினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கொறற்றி மறுபடி ஆசிரியையானாள். நீங்கள் இவ்வளவு பார்ப்பவள் என்றால் அதையே சொல்லலாமே, யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள், எந்த வருடம் எந்தக் கிண்ணம் என்று அடுக்கினால் யாரும் சிரிக்கமாட்டார்களே என்றாள்.

"மத்தவங்களுக்கு டீம் பேரு மட்டும் சொன்னா போதும்தானே மிஸ். எனக்கு மட்டும் ஏன் சாட்சி வேணும்?"

கொறற்றி கையிலிருந்த பயிற்சித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

(இப்போது இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். அந்த மூன்றாவது தொடக்கத்தை நான் அடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் நீங்கள் அதை வாசித்துவிட்டீர்கள். பிறகு மூன்றாம் பகுதியில் வகுப்பு முழுவதும் ஒரே பதிலைச் சொன்னபோது, அதில் இன்ஷிராவின் குரலும் இருந்தது. அதை நம்பினீர்களா? அடித்த வாக்கியம் அழிவதில்லை. அதனால்தான் விட்டுவைத்தேன்.)

8

அன்றைய வகுப்பில் கொறற்றி புதிதாக எந்தச் சொல்லும் கற்பிக்கவில்லை. போன வாரத்துக் கேள்வியையே பலகையில் எழுதினாள். பதில் சொல்கிறவர்களுக்கு இன்று வேலை இல்லை, கேட்கிறவர்களுக்குத்தான் பாடம் என்றாள். விதி ஒன்றுதான். வரும் பதில் எதுவானாலும் அதை நம்ப வேண்டும். நம்பியவர் கேட்கக்கூடிய அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். உண்மையாகவா என்ற சொல்லுக்கு இன்று விடுமுறை.

சின்ன விஷயம் என்று நினைத்தார்கள். ஆனால் திணறிப்போனார்கள். பதிலைக் கேட்டதும் ஒருவருக்குப் புருவம் ஏறியது, இன்னொருவருக்கு அப்படியா என்று இழுவை வந்தது. நம் முகங்கள் எவ்வளவு பேசுகின்றன என்று கொறற்றி அன்றுதான் கண்டாள். முகத்துக்கு எந்த மொழியில் பாடம் நடத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரிஸ்மி இன்ஷிராவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவள் இலங்கை அணி என்றதும் கொஞ்சம் யோசித்தான்.

"எந்த ஆட்டத்தில் நீங்கள் மிகவும் அழுதீர்கள்?"

அதன் பிறகு இன்ஷிராவை நிறுத்த முடியவில்லை. இறந்தகாலமும் நிகழ்காலமும் முட்டி மோத, பன்மையெல்லாம் ஒருமையாக, தவறவிட்ட பிடிகளையும் தேவையில்லாத ஓட்டத்தில் ஆட்டமிழந்தவர்களையும் அவள் திட்டித் தீர்த்தாள். ஒரு வார்த்தை புகழவில்லை. சொந்த அணியை அப்படித் திட்ட சொந்தக்காரியால்தான் முடியும். கொறற்றி ஒரு பிழையையும் திருத்தாமல் ஜன்னலோரம் நின்று கேட்டாள்.

பிறகு இன்ஷிராவின் முறை வந்தது. அவள் ரிஸ்மியிடம் கேட்டாள். ரிஸ்மி இந்தத் தடவை நியூசிலாந்து என்று சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி ஒரு பெயர் சொன்னான். இன்ஷிரா முகம் மாறாமல், அவர்களில் யாருடைய பந்துவீச்சு உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டாள்.

அவன் என்ன பெயர் சொன்னான் என்று நான் எழுதப்போவதில்லை. பயத்தினால் அல்ல. அவன் அதைச் சொன்னது அவளிடம்.

அன்று மாலை கெலிஓயாவில் இந்தியாதான் ஆடிக்கொண்டிருந்தது. கொறற்றி ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினாள். மத்தியாஸ் அதைக் குறைக்கவில்லை. சற்று நேரத்தில் எழுந்து போய், பக்கத்து வீட்டுப் பக்கமிருந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

9

நேர்முகம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஹோட்டலின் கண்ணாடி அறை ஒன்றில் முகாமையாளர் மேசைக்குப் பின்னால் இருக்கிறார். இன்ஷிரா முன்னால் இருக்கிறாள். சொன்னது போலவே அவர் கிரிக்கெட்டில்தான் தொடங்குகிறார். அந்தக் கேள்வி வருகிறது. அவள் பதில் சொல்கிறாள். இதற்கு மேல் முடிவுகளைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. அவர் பெருமூச்சு விடுகிறார். "அப்படியானால் உங்களுக்கும் இரத்த அழுத்தம் இருக்க வேண்டுமே" என்கிறார். பிறகு இருவரும் நடுவரிசைத் துடுப்பாட்டத்தை வைது தீர்க்கிறார்கள். வேலை கிடைத்துவிடுகிறது. வீட்டில் வாசித்தவர்களுக்கு இதுதான் பிடித்திருந்தது. எல்லோருக்கும் பிடித்ததாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம்.

முடிவு இரண்டு. அவர் சிரித்துக்கொண்டு, உண்மையாகவா என்கிறார். இன்ஷிரா, "நீங்கள் எந்த அணி, சேர்?" என்று திருப்பிக் கேட்கிறாள். இலங்கைதான், வேறென்ன என்கிறார். அவளும் அதே சிரிப்போடு, உண்மையாகவா என்கிறாள். இதை எழுதிவிட்டு நானே கைதட்டினேன். மறுநாள் அடித்துவிட்டேன். இப்படிப்பட்ட பதில் கதிரையில் இருக்கும்போது யாருக்கும் வராது, திரும்பிப் போகும் பஸ்ஸில்தான் வரும். வந்தாலும், வரவேற்பு மேசை வேறொருத்திக்குப் போயிருக்கும், வாப்பாவின் கடை பாதிக் கதவோடே இருக்கும். கைதட்டல் எனக்கு, நட்டம் அவளுக்கு.

முடிவு மூன்று. அவள் நியூசிலாந்து என்கிறாள். பால்மாவையும் சொல்கிறாள். முகாமையாளர் விழுந்து விழுந்து சிரித்து அப்போதே வேலை கொடுக்கிறார். அடுத்த வருடம் அந்த அணி வந்து தங்குகிறது. இதோ உங்கள் ரசிகை என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு நிறுத்துகிறார். அவள் சிரித்துக்கொண்டு கை குலுக்குகிறாள். அன்றைய ஆட்டத்தில் இலங்கை தோற்கிறது. அன்றும் அவள் சாப்பிடவில்லை, ஆனால் இப்போது அதை யாரிடமும் சொல்ல முடியாது. இந்த முடிவுக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன், ஏனென்றால் இது நடக்கக்கூடியது.

முடிவு நான்கு: அவர்

நான்காவதை எழுத முடியவில்லை. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியும், அவள் செய்துவிட்டாள். பஸ்ஸில் பழகிய எந்தக் குரலிலும் அல்ல, வீட்டில் மேட்ச் பார்க்கும் குரலில் சொல்லியிருக்கிறாள். அவள் பங்கில் எழுத எதுவும் மிச்சமில்லை. மீதியெல்லாம் மேசைக்குப் பின்னால் இருப்பவரின் முகத்தில் இருக்கிறது. அந்த முகத்தை எத்தனை தடவை எழுதினாலும், சிலவேளை டிராவல்ஸ்காரர் வந்து உட்காருகிறார், சிலவேளை கொறற்றி வந்து உட்காருகிறாள்.

ஆகவே அந்தக் கதிரையை விட்டு எல்லோரையும் எழுப்பிவிட்டேன். அது இப்போது காலியாக இருக்கிறது. நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள். நான் எழுதாமல் விட்டது அந்தக் கதிரையில் இருப்பவர் சொல்லும் ஒரே ஒரு வரியைத்தான். அதைச் சொல்வதற்குமுன் உங்கள் உதடு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கை அணியை என்று அவள் சொல்லிவிட்டாள். உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.